சிஏ தேர்வும் ஆடிட் தொழிலும்: விதிகள் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கின்றனவா?

பொதிகைச்சாரல் எழுதியது:

வணக்கம். தென்காசிப் பக்கம் சின்ன ஆடிட் ஆபீஸ் வைத்திருக்கிறேன். சிஏ முடித்து 11 வருடம் ஆகிறது. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஆபீஸில் ஒரு பெண் வேலை பார்க்கிறாள். அம்மா பீடி சுற்றுகிறார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பிளஸ் டூவில் கணக்குப் பதிவியலில் 98 எடுத்தவள். வங்கிச் சரிகட்டும் பட்டியலை அவள் போடும் வேகத்தில் என்னால் போட முடியாது. ஆனால் சிஏவின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனில் இரண்டு தடவை தோற்றுவிட்டாள். இரண்டு தடவையும் காலை வாரியது வணிகச் சட்டத் தாள். கணக்குத் தாளில் எண்கள் கைகொடுத்துவிடும். சட்டத்தில் பக்கம் பக்கமாக வாக்கியம் எழுதியாக வேண்டும்.

போன மாதம் அவளுடைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் மேலே பென்சிலில் தமிழ், கீழே பேனாவில் ஆங்கிலம். "மறுபயன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது. ஆனால் நெருங்கிய உறவுக்குள் இயல்பான அன்பினால் எழுதிப் பதிவு செய்திருந்தால் செல்லும்" என்று பென்சிலில் அச்சடித்த மாதிரி இருக்கிறது. அதன் கீழே பேனாவில் பாதி வாக்கியம் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருந்தாள். தாளே கிழிந்திருந்தது. "சார், இதத் தமிழ்லயே எழுதலாம்னா நான் பாஸ் பண்ணிருவேன் சார்" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சிஏ தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம். தமிழில் எழுத வழியில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்கு சிவபோகம் அம்மையார் ஞாபகம் வந்தார். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர், ஆர். சிவபோகம், நம்ம சென்னைக்காரர். 1933-இல் அப்போதைய ஜிடிஏ தேர்வில் (அரசு கணக்கியல் டிப்ளமோ) தேறினார். ஆனால் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று ஒரு விதி குறுக்கே வந்தது. அவர் விடவில்லை. முறையிட்டு, போராடி வென்று, 1937-இல் பதிவு பெற்றார். பிறகு 1955 முதல் 1958 வரை, சிஏக்களின் அமைப்பான ஐசிஏஐயின் தென்னிந்தியக் குழுவுக்கே தலைவராக இருந்தார். அந்த விதியை "தரம் காக்க" என்று அன்றைக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் அவரைத் தடுத்ததால் யாருடைய கணக்கும் சுத்தமாகியிருக்காது.

அதனால்தான் கேட்கிறேன். தொழிலுக்கு விதி வேண்டும், கடுமையாகவே வேண்டும். அந்தக் கடுமை எங்கே விழ வேண்டும்? கையெழுத்துப் போடும் இடத்திலா, வாசற்படியிலா? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

---

கோவை ஆடிட்டர் எழுதியது:

தம்பி, அந்தப் பெண்ணின் கதை மனதைத் தொடுகிறது. ஆனாலும் நான் உடன்பட மாட்டேன், காரணத்தைச் சொல்கிறேன்.

26 வருடமாகப் பிராக்டிஸ் செய்கிறேன். காலையில் வரும் வருமானவரி நோட்டீஸ் ஆங்கிலம். கம்பெனிச் சட்டம், கணக்கியல் தரநிலைகள், தீர்ப்பாய உத்தரவு எல்லாம் ஆங்கிலம். தமிழில் தேர்வு எழுதி வெளியே வரும் பிள்ளை முதல் நோட்டீஸிலேயே திணறிப் போகும். இன்றைக்கு வாசலில் இரக்கப்பட்டு உள்ளே விட்டு, நாளைக்கு உள்ளே தவிக்கவிடுவது நியாயமா?

இன்னொன்று, கையெழுத்தின் மதிப்பு. சிஏ அல்லாதவர்கள் சிஏ பெயரில் போலிச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்ய எவ்வளவு ஆகும்? 2019-இல் யூடின் கட்டாயமாக வந்த பிறகுதான் அது அடங்கியது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் 18 இலக்க எண், வங்கிக்காரர் இணையத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். விதி கடுமையாக இருந்ததால்தான் பொதுமக்கள் தப்பித்தார்கள். 4 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் இருக்கும் தொழில் இது. பிடியைத் தளர்த்தினால் பாதிக்கப்படுவது சின்ன வியாபாரிதான்.

---

பொதிகைச்சாரல் எழுதியது:

அண்ணா, யூடின் விஷயத்தில் நூறு சதவீதம் உங்கள் பக்கம்தான். அது கையெழுத்துப் போடும் இடத்தில் வைத்த காவல். கோயம்புத்தூர்க்காரர், தென்காசிக்காரர், மும்பைக்காரர் எல்லோருக்கும் ஒரே எண், ஒரே சரிபார்ப்பு. அந்த மாதிரிக் கடுமை பத்து வந்தாலும் வரட்டும்.

ஆனால் இந்தியில் தேர்வு எழுதும் பிள்ளைக்கும் அதே ஆங்கில நோட்டீஸ்தானே வருகிறது? அவர் சமாளிப்பார், தமிழ்ப் பிள்ளை திணறுமா? ஐஏஎஸ் மெயின்ஸைத் தமிழில் எழுதலாம். நீட் தேர்வுக்குத் தமிழில் வினாத்தாள் இருக்கிறது. டாக்டராகப் போகும் பிள்ளைக்கு முடிவது ஆடிட்டராகப் போகும் பிள்ளைக்கு ஏன் முடியாது?

எல்லாத் தாளையும் தமிழில் கேட்கவில்லை. ஃபவுண்டேஷன் மட்டும் போதும். 17, 18 வயதில் எழுதும் முதல் படி அது. அதற்கு அப்புறம் படிப்பும், ஆடிட்டரிடம் வேலை பழகும் ஆர்ட்டிகிள்ஷிப்புமாக வருடக்கணக்கில் காலம் இருக்கிறது. ஆங்கிலம் அந்தக் காலத்தில் தானாக வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

---

வன்னிமண் எழுதியது:

வணக்கம். நான் இலங்கையில, வவுனியாவில இருந்து எழுதுறன். உங்கட இழையை வாசிச்சதும் சும்மா இருக்க முடியவில்லை.

இங்கே ஏஏடி எண்ட கணக்கீட்டுத் தொழில் பரீட்சையைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதலாம். நான் முழுக்கத் தமிழிலேயே எழுதிச் சித்தியடைந்தேன். இப்போது ஒரு கம்பனியில் கணக்கு உத்தியோகத்தராக இருக்கிறேன். வேலையில் வரும் கடிதங்கள், மென்பொருள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். முதல் ஆறு மாதம் கஷ்டப்பட்டேன் என்பது உண்மை. அகராதியை மேசையில் வைத்துக்கொண்டுதான் மின்னஞ்சல் எழுதினேன். ஆனால் கணக்கீடு என்றால் என்ன என்பது எனக்கு ஏற்கெனவே விளங்கியிருந்தது. மொழி பிறகு ஒட்டிக்கொண்டது. மொழிக்காக வாசலில் நிற்பாட்டியிருந்தால் யுத்தத்துக்குப் பிறகு எங்கட ஊரில் எத்தனையோ பேர் இந்தத் துறைக்கே வந்திருக்க மாட்டினம்.

ஒரு சின்னச் சங்கதி. உங்கட பாடநூலைப் பார்த்தேன், நீங்கள் 'இருப்பாய்வு' (டிரையல் பேலன்ஸ்) என்கிறதை நாங்கள் 'பரீட்சை மீதி' என்கிறோம். உங்கட 'இருப்புநிலைக் குறிப்பு' (பேலன்ஸ் ஷீட்) எங்களுக்கு 'ஐந்தொகை'. உங்கட 'தேய்மானம்' எங்கட 'பெறுமானத் தேய்வு'. தமிழில் தேர்வு வைக்கச் சொற்கள் இல்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு நாட்டிலும் பள்ளிப் பிள்ளைகள் அந்தச் சொற்களால்தான் கணக்குப் போடுகினம்.

---

சிட்டையும் பேரேடும் எழுதியது:

வன்னிமண் அக்கா, 'ஐந்தொகை' என்று நீங்கள் எழுதியதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. நான் காரைக்குடி. எங்கள் ஊரில் செட்டியார் வீடுகளில் கணக்கு முடிப்பதற்கு அதே சொல்தான். பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த கடைகளிலிருந்து ஏஜெண்டுகள் ஐந்தொகை அனுப்புவார்கள். எங்கள் தாத்தா ஒரு வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். குறிப்பேடு, பேரேடு, வட்டிச் சிட்டை எல்லாம் தமிழில்தான் எழுதினார். அதை வைத்துக்கொண்டு கடல் தாண்டி வியாபாரம் நடந்தது.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. மொழியைத் தாண்டி உள்ளே வந்தாலும் இரண்டாவது வாசற்படி ஒன்று இருக்கிறது. ஆர்ட்டிகிள்ஷிப்.

2014-இல் சேர்ந்தேன். குறைந்தபட்ச ஸ்டைபண்டை (பயிற்சிக்கால உதவித்தொகை) ஊரின் மக்கள்தொகையை வைத்து நிர்ணயித்திருந்தார்கள். 20 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரம் என்றால் முதல் வருடம் மாதம் 1,000 ரூபாய். 4 லட்சத்துக்குக் கீழே என்றால் 500. எங்கள் ஊர் 500-இல் வந்தது. நான் திருமயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் வருவேன், பஸ்ஸுக்கே அதைவிடக் கூடுதலாகப் போகும். பிறகு தொகையை இரட்டிப்பாக்கினார்கள். அப்போதும் பெரிய நகரத்துக்கு 2,000, சின்ன ஊருக்கு 1,000 என்ற பாதிக் கணக்கு மட்டும் மாறவில்லை. சின்ன ஊரில் கோச்சிங் கிடையாது. வகுப்புக்கு மதுரைக்கோ சென்னைக்கோதான் போக வேண்டும். செலவு நகரத்துக் கணக்கில், வரவு கிராமத்துக் கணக்கில்.

அந்த 500-ம் முழுசாக வந்ததா என்றால் அதுவும் இல்லை. ஆபீஸ் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. வங்கிக் கணக்கில் ஸ்டைபண்ட் வரவு வைப்பார்கள், அடுத்த நாள் "எடுத்துட்டு வந்து குடுத்துருப்பா" என்பார்கள். முதல் தடவை ஏடிஎம் வாசலில் அந்த ஒற்றை ஐநூறு ரூபாய்த் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று வருடமும் கொடுத்தேன்.

ஏன் புகார் செய்யவில்லை என்று கேட்பீர்கள். பயிற்சி முடிந்தது என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே பிரின்சிபல், அதாவது பயிற்சி தரும் ஆடிட்டர்தான். முதல் வருடம் தாண்டிவிட்டால் வேறு ஆபீஸுக்கு மாறுவதும் லேசில் நடக்காது, விதியில் சொன்ன சில காரணங்களுக்குள் வந்தாக வேண்டும், அதற்கும் அவர் ஒப்புதல் வேண்டும். அவரைப் பற்றி அவரிடமே அனுமதி வாங்கிக்கொண்டு புகார் செய்ய முடியுமா? இப்போது புதிய திட்டத்தில் பயிற்சிக் காலம் 2 வருடமாகக் குறைந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் பயிற்சிக்கு வரும் பிள்ளை தைரியமாகப் பேச ஒரு தனி இடம் வேண்டும். ஸ்டைபண்ட் மாணவர் கணக்குக்கு வந்து, அங்கேயே தங்க வேண்டும்.

---

கோவை ஆடிட்டர் எழுதியது:

தம்பி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. இப்படி நடக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கேள்விப்பட்டும் சும்மா இருந்த ஆட்களில் நானும் ஒருவன். இதற்குத் தரம் என்று பெயர் வைக்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன்.

---

காவிரிக்கரை எழுதியது:

நான் திருச்சி, காஸ்ட் அக்கவுண்டன்ட் (செலவுக் கணக்காளர்). சிஏவுக்குள் நடப்பதையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், பக்கத்து வீட்டையும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.

1949 சட்டத்தில் சிஏ, 1959 சட்டத்தில் நாங்கள், 1980 சட்டத்தில் கம்பெனி செக்ரட்டரி. மூன்றுமே நாடாளுமன்றம் உருவாக்கிய அமைப்புகள். ஆனால் வருமானவரிச் சட்டத்தில் 'அக்கவுண்டன்ட்' என்ற சொல்லுக்கு சிஏ மட்டும்தான் அர்த்தம். 2025-இல் புதிய வருமானவரிச் சட்டம் வந்தபோது இந்த வரையறையில் எங்களையும் சேருங்கள் என்று கேட்டோம். சேர்க்கவில்லை. ஜிஎஸ்டி வந்த புதிதில் வருடாந்தரச் சரிபார்ப்பு அறிக்கையில் சிஏவும் கையெழுத்துப் போடலாம், நாங்களும் போடலாம் என்று இருந்தது. நானே போட்டிருக்கிறேன். 2021-இல் அந்தத் தணிக்கையையே எடுத்துவிட்டு, வியாபாரியே சான்றளித்தால் போதும் என்றாக்கினார்கள். நாங்கள் கையெழுத்துப் போட்ட வருடங்களில் ஆகாயம் இடிந்து விழவில்லை.

திறமைக்குத் தேர்வு வையுங்கள், எழுதுகிறோம். வரித் தணிக்கைக்கென்று தனித் தாள் வைத்தால் அதையும் எழுதுகிறோம். உறுப்பினர் அட்டையின் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்த வேண்டாம்.

---

கோவை ஆடிட்டர் எழுதியது:

காவிரிக்கரை, செலவுக் கணக்குத் தணிக்கையில் கம்பெனிச் சட்டம் உங்களை மட்டும்தானே அனுமதிக்கிறது? அந்த வேலியையும் திறப்பீர்களா?

---

காவிரிக்கரை எழுதியது:

நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால், தேர்வு எழுதித் தகுதி காட்டும் சிஏவுக்குத் திறக்கலாம். என் சக உறுப்பினர்கள் இதற்காக என் மேல் கோபப்படுவார்கள், தெரியும். ஒரு பக்கம் மட்டும் திற என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

---

மிளகாய்மண்டி எழுதியது:

விருதுநகர் ஐயா நான். பி.காம். விற்பனைவரிக் காலத்திலிருந்து வரி பிராக்டிஷனர், கடைக்காரர்களுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவன். ஜிஎஸ்டி வந்ததும் பதிவு செய்து, தேர்வு வைத்தார்கள், 50 வயதுக்கு மேல் உட்கார்ந்து எழுதித் தேறினேன். பலசரக்குக் கடைக்காரர், பட்டறைக்காரர், புதிதாக டீக்கடை போட்டவர் எல்லாம் முதலில் எங்களிடம்தான் வருகிறார்கள். மாதம் 20-ஆம் தேதி என்றால் ராத்திரி 11 மணி வரை போர்ட்டலோடு மல்லுக்கட்டுவது நாங்கள்தான்.

எங்களைத் தணிக்கை செய்ய விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. ஆனால் எங்களையும் ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவாருங்கள் என்று கேட்கிறேன். வருடத்துக்கு இத்தனை மணி நேரம் பயிற்சி, நடத்தை விதி, தப்புச் செய்தால் தண்டனை. ஒழுங்கில்லாத நாலு பேர் கடைக்காரர் கட்டச் சொல்லிக் கொடுத்த வரிப் பணத்தையே விழுங்குகிறார்கள், கெட்ட பெயர் எல்லோருக்கும். கண்காணிக்க ஆள் வந்தால் வரவேற்கும் முதல் ஆள் நான்.

இன்னொன்றும் பாருங்கள். சிஏக்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் இணையத்தில் 'இத்தனை ரூபாய்க்கு ரிட்டர்ன்' என்று கம்பெனிகள் நாள் முழுக்க விளம்பரம் ஓட்டுகின்றன. அவர்களுக்கு விதி எங்கே? சின்ன ஊர் ஆடிட்டருக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்.

---

மெரினாக்காற்று எழுதியது:

சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் ஆடிட் பிரிவில் இருக்கிறேன். இதுவரை யாரும் என்எஃப்ஆர்ஏ என்ற கண்காணிப்பு ஆணையத்தின் பக்கம் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2009-இல் சத்யம் கம்பெனியின் கணக்கு மோசடி வெடித்தது. 2018-இல் பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெளியே வந்தது. அதே வருடம் அக்டோபரில், கம்பெனிச் சட்டம் 132-ஆம் பிரிவின்படி, பெரிய கம்பெனிகளின் தணிக்கையாளர்களைக் கண்காணிக்க என்எஃப்ஆர்ஏ அமைந்தது. தொழிலில் இருப்பவர்களே தங்களைத் தாங்களே விசாரித்துக்கொண்டால் மக்களுக்கு நம்பிக்கை வராது என்பதுதான் காரணம். 2022-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சிஏ சட்டத் திருத்தமும் அதே திசைதான், ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்களில் வெளியாட்களுக்குப் பெரும்பான்மை. ஐசிஏஐக்கு இது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் கண்காணிப்பவரும் நியாயமாக இருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் 132-ஆம் பிரிவு செல்லும் என்றது. அதே தீர்ப்பில் என்எஃப்ஆர்ஏ அனுப்பிய நோட்டீஸ்களை ரத்து செய்தது. தணிக்கையைப் பரிசீலித்துக் குறை கண்டவர்களே நோட்டீஸும் அனுப்பித் தீர்ப்பும் சொல்வதாக இருந்ததுதான் காரணம். ஒரே ஆள் போலீஸும் ஜட்ஜும் ஆகக் கூடாது என்பது சின்ன ஆபீஸுக்கும் பொருந்தும், பெரிய நிறுவனத்துக்கும் பொருந்தும்.

அப்புறம் எஸ்ஏ 600 என்ற தணிக்கைத் தரநிலை பற்றிய சண்டை. ஒரு குழுமத்துக்குத் தாய்க் கம்பெனியை ஒருவர் தணிக்கை செய்வார், துணைக் கம்பெனிகளை வேறு சிலர். இப்போதுள்ள முறையில் முதன்மைத் தணிக்கையாளர் மற்றவர்கள் அறிக்கையை நம்பி, "அந்தப் பகுதியை அவர் பார்த்தார்" என்று எழுதிவிடலாம். 2024 நவம்பரில் என்எஃப்ஆர்ஏ இதை மாற்றச் சொன்னது, முழுப் பொறுப்பும் முதன்மைத் தணிக்கையாளர் தலையில். சின்ன நிறுவனங்களின் வேலை பறிபோகும் என்று ஐசிஏஐ எதிர்த்தது.

நான் இரண்டையும் கண்ணால் பார்க்கிறேன். துணைக் கம்பெனி ஆடிட்டரிடமிருந்து ஒரு பக்க அறிக்கை வரும். உள்ளே என்ன செய்தார்கள் என்று எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. அந்த ஒரு பக்கத்தை நம்பித்தான் முதலீட்டாளர் பணம் போடுகிறார். இது தப்பு. அதே சமயம், முழுப் பொறுப்பும் எங்கள் தலையில் விழுந்தால் எங்கள் மேலிடம் என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். "துணைக் கம்பெனியையும் நம்மிடமே கொடுக்கச் சொல்லு" என்பார்கள். திருநெல்வேலியில் நன்றாக வேலை செய்யும் ஒருவர் தப்பே செய்யாமல் வேலையை இழப்பார். அதனால் பொறுப்பை முதன்மைத் தணிக்கையாளருக்குக் கொடுங்கள், கூடவே நல்ல காரணம் எழுதாமல் துணைக் கம்பெனி ஆடிட்டரை மாற்றக் கூடாது என்றும் விதி போடுங்கள் என்பது என் கருத்து. பொதுத்துறை வங்கிகளுக்கு விலக்கு என்று சொல்லியிருக்கிறார்கள், கிளைத் தணிக்கையை நம்பியிருக்கும் சின்ன ஊர்க்காரர்களுக்கு அது மட்டும் ஆறுதல்.

---

பொதிகைச்சாரல் எழுதியது:

மெரினாக்காற்று, அந்தக் கிளைத் தணிக்கையை நம்பியிருக்கும் ஆட்களில் நானும் ஒருவன். ஏப்ரல் முதல் வாரத்தில் நாலைந்து நாள் ஒரு கிளையில் உட்கார்ந்து வாராக்கடன் பட்டியலைப் பார்ப்பேன். அந்த ஊர் விவசாயி யார், எந்தக் குளத்தில் தண்ணீர் இல்லை, எந்த அரிசி ஆலை பூட்டிக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அது சென்னையிலிருந்து வருபவருக்குத் தெரியாது. சின்ன ஆபீஸ் நிலைத்து நிற்க வேண்டும் என்று நான் சொல்வது பிழைப்புக்காக மட்டும் இல்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

---

கோவை ஆடிட்டர் எழுதியது:

இரண்டு நாளாக இந்த இழையையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு ஆடிட் ஆபீஸின் வேலையை இன்னொரு ஆடிட்டர் சரிபார்க்கும் பியர் ரிவ்யூ பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல திட்டம்தான். ஆனால் 50 பங்குதாரர் உள்ள நிறுவனத்துக்கும், ஒரு சிஏ, இரண்டு பயிற்சிப் பிள்ளைகள், ஒரு பிரிண்டர் உள்ள ஆபீஸுக்கும் ஏறக்குறைய ஒரே காகிதக் கட்டு. என் நண்பர் ஒருவர் ஒரு மாதம் கையேடு எழுதியே ஓய்ந்துவிட்டார், வாடிக்கையாளர் கோப்பைத் திறக்கவே நேரமில்லை. சரிபார்ப்பு ஆபீஸின் அளவுக்குத் தக்கபடி இருக்க வேண்டும்.

மொழி விஷயத்தில் என் எண்ணத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். இறுதித் தேர்வு ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் ஃபவுண்டேஷனில் வினாத்தாள் இருமொழியில் வரலாம், சட்டத் தாளுக்குத் தமிழில் பதில் எழுதலாம். வவுனியாவில் முடிந்தது இங்கே முடியாது என்று சொல்ல எனக்கு வாதம் கிடைக்கவில்லை. தென்னிந்தியக் குழுவுக்கு மனு எழுதினால் என் உறுப்பினர் எண்ணைப் போட்டு முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஸ்டைபண்ட் விஷயத்தையும் அதில் சேருங்கள்.

---

சிட்டையும் பேரேடும் எழுதியது:

இரண்டாவது கையெழுத்து என்னுடையது. மாணவர் புகாருக்குத் தனி அதிகாரி வேண்டும், பிரின்சிபலிடம் போகாமல் நேராக அவரிடம் போகும்படி இருக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

---

வன்னிமண் எழுதியது:

சொற்பட்டியல் வேண்டுமென்றால் நான் தாறன். எங்கட பழைய ஏஏடி வினாத்தாள்கள் தமிழில் வைத்திருக்கிறேன். அந்தத் தங்கச்சிக்கு என்ட வாழ்த்தைச் சொல்லுங்கோ.

---

பொதிகைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மனுவை நேற்று எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் பத்தியில் சிவபோகம் அம்மையாரின் 1937 பதிவை வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை வரைவை இங்கேயே போடுகிறேன், திருத்தம் சொல்லுங்கள். காவிரிக்கரையும் மிளகாய்மண்டி ஐயாவும் சொன்னது வேறு சட்டங்கள் சம்பந்தப்பட்டது, அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

அந்தப் பெண் மூன்றாவது தடவையாக எழுதப் போகிறாள். இந்த இழையைப் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "பரீட்சை மீதின்னா நம்ம இருப்பாய்வா சார்?" என்று கேட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டாள். இப்போது தினமும் சாயங்காலம் 6 மணிக்கு மேல் ஆபீஸிலேயே உட்கார்ந்து சட்டத் தாள் எழுதிப் பார்க்கிறாள், நான் திருத்துகிறேன். பென்சில் வரி இன்னும் மேலே இருக்கிறது. அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.